பால்கனிகளை அடக்குங்கள்

பெய்ரூத்துக்கு வடக்கே இருக்கும் எங்கள் திரிப்போலியில் மேட்டுக்காரர்களும் பள்ளத்துக்காரர்களும் சண்டையை நிறுத்திப் பல வருடங்கள் ஆனபிறகுதான் உஸ்தாத் ஃபாயிக் சமாதானம் செய்துவைக்க வந்தார். துப்பாக்கி வெடித்த காலத்தில் அவர் பாரிஸில் இருந்தாராம். மனசு மட்டும் இங்கேதான் இருந்ததாம். 'திறந்த கரங்கள்' என்று ஒரு அமைப்பு வைத்திருந்தார். பாரம்பரிய அரபு இசையைச் சேர்ந்து கேட்டால் இரண்டு சமூகமும் ஒன்றையொன்று சகித்துக்கொள்ளும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அதே பாட்டுகளை வானொலியில் கேட்டபடியேதான் இரண்டு பக்கமும் சுட்டுக்கொண்டார்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

நான் கானூன் வாசிப்பவள். மடியில் கிடத்திக் கம்பிகளை மீட்டும் வாத்தியம். துறைமுகப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண் என்பதால், "அருமை ருதைனா, நீங்க மூணாவது சமூகம்!" என்று ஃபாயிக் கையைத் தட்டினார், பழக்கடையில் மூன்றாவது நிறப் பழம் கிடைத்தவர் மாதிரி. பாடுவதற்குப் பள்ளத்திலிருந்து அபூ ஸுஹைர். ஊது என்கிற தந்தி வாத்தியத்துக்கு மேட்டிலிருந்து நதீர்.

இவர்கள் இரண்டு பேரும் முன்பு எல்லாக் கல்யாணங்களிலும் ஜோடியாகப் போனவர்கள். கடைசிச் சண்டையில் பள்ளத்துப் பையன்கள், நதீரின் அப்பா தங்கள் பக்கம் வைத்திருந்த துணிக்கடையைக் கொளுத்தினார்கள். கடை அபூ ஸுஹைரின் வீட்டுக்கு எதிரே. அவர் இறங்கி வரவில்லை. அதற்குப் பிறகு நதீர் அவரோடு வாசிக்கவில்லை. இந்தக் கச்சேரிக்கு ஏன் ஒப்புக்கொண்டான் என்று கேட்டேன்.

"வாசிக்கிறதுக்குத்தான் வரேன், அக்கா. மன்னிக்கிறதுக்கு இல்ல" என்றான்.

ஃபாயிக்குக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு நேரமும் இல்லை. ஒத்திகையில் அவர் கவலைப்பட்டதெல்லாம் முடிவைப் பற்றித்தான்.

"கடைசிப் பாட்டு முடிஞ்சதும் ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சுக்கணும். கண்ணுல தண்ணி வந்தா ரொம்ப நல்லது."

"வெங்காயம் கொண்டு வரவா, உஸ்தாத்?" என்றார் அபூ ஸுஹைர். நதீர் ஊதின் முறுக்காணியைத் திருகிக்கொண்டே இருந்தான்.

மேடையை இரண்டு பகுதிக்கும் நடுவில் ஓடும் தெருவில் போட்டார்கள். தூதர்கள் வருவதால் தெருவின் இரு முனையிலும் பட்டாளம் முள்கம்பி போட்டது. கழுத்தில் அட்டை மாட்டியவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. அட்டைகள் எல்லாம் பெய்ரூத்திலேயே பங்கு போடப்பட்டுவிட்டன. ஆக, எந்த இரண்டு ஜனங்களைச் சேர்த்துவைக்கக் கச்சேரியோ, அந்த இரண்டு ஜனங்களும் கம்பிக்கு வெளியே. அந்தத் தெருவிலேயே குடியிருந்தவர்களைத் துரத்த முடியாமல் பால்கனிகளில் விட்டுவைத்தார்கள்.

கச்சேரிக்கு முன் ஃபாயிக் ஒரு பால்கனியைப் பார்த்துக் கத்தினார். "அம்மா, அந்தக் கம்பளத்தை எடுங்க! சுவத்துல இருக்கிற குண்டு ஓட்டையெல்லாம் மறையுது!"

மேலே நின்ற உம்மு அத்ஹம் இடுப்பில் கை வைத்தாள். "ஓட்டை தெரியணுமா? வா, உள்ள வா. படுக்கையறையில இன்னும் பெருசா இருக்கு, அதையும் படம் புடிச்சுட்டுப் போ!"

கம்பளம் அங்கேயே கிடந்தது.

வெயில் சாயத் தொடங்கியபோது சொற்பொழிவுகள் ஆரம்பமாயின. ஒரு துணை அமைச்சர், ஒரு தூதர், தூதரைப் புகழ இன்னொருவர். பிறகு ஃபாயிக். அரபு இசையில் இரண்டு சுரங்களுக்கு நடுவே இன்னொரு சுரம் இருக்கிறது, அதுதான் சகிப்புத்தன்மை என்றார். தூதரின் மனைவி குறிப்பெடுத்துக்கொண்டாள். என் கம்பிகள் வெயிலில் சுதி இறங்கிக்கொண்டிருந்தன.

ஒருவழியாக அபூ ஸுஹைர் கண்ணை மூடி, "யா லேல்", 'இரவே', என்று இழுத்தார். அந்தக் குரலுக்கு வயசாகியிருந்தது; ஆனால் வளைவில் இன்னும் கத்தி வைத்திருந்தது. முதல் வளைவிலேயே பள்ளத்துப் பால்கனியிலிருந்து "அல்லாஹ்!" என்று ஒரு குரல். எதிர்ப் பக்கத்திலிருந்து, "ஆஹா, திரும்பப் பாடுங்க சித்தப்பா!"

எங்கள் பாட்டு இப்படித்தான் நடக்கும். கேட்கிறவன் 'ஆஹா' சொல்லாவிட்டால் பாடுகிறவனுக்கு அடுத்த வரி வராது. நன்றாக இருந்தால் திரும்பக் கேட்பார்கள், கேட்கக் கேட்கப் பாட்டு வளரும். ஃபாயிக்குக்கோ ஒலிப்பதிவு கெட்டுக்கொண்டிருந்தது. மேடையேறி அபூ ஸுஹைரின் வாயருகே இருந்த மைக்கைப் பிடுங்கினார்.

"பால்கனியில இருக்கிறவங்க தயவுசெஞ்சு அமைதியா இருங்க. விருந்தாளிங்க கேக்கணும்." பிறகு மைக்கை மூடாமலேயே பட்டாள அதிகாரியிடம், "அந்தப் பால்கனிகளை அடக்குங்க" என்றார்.

தெரு முழுக்கக் கேட்டது.

"எங்க தெருவுல எங்களையே வாய மூடச் சொல்றியா?" என்றான் மேட்டுப் பக்கத்துப் பனியன்காரன் ஒருவன்.

"நல்லாக் கேளு, அண்ணே! யாரு இவன்? எந்த ஊரு?" என்றது எதிர்ப் பக்கம்.

அந்த இரண்டு வரிசைப் பால்கனிகளும் வசவில்லாமல் ஒன்றோடொன்று பேசியதை நான் பார்த்தது அன்றுதான். அடுத்ததாகப் பெண்கள் இரு பக்கமும் குலவையிட்டார்கள். பாத்திரங்களைத் தட்டினார்கள். உம்மு அத்ஹம் தரை துடைத்த தண்ணீரை, குறி பார்க்காதவள் போல, மிகச் சரியாக ஊற்றினாள். துணை அமைச்சரின் கோட்டுக்கு அது போதுமானதாக இருந்தது. கார்கள் வந்தன, விருந்தாளிகள் போனார்கள். ஃபாயிக் மின்சாரத்தைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, "நாகரிகமே இல்லாத ஜனங்க!" என்று சொல்லியபடி கடைசிக் காரில் ஏறினார். சகிப்புத்தன்மை அவரோடு பின்சீட்டில் உட்கார்ந்து பெய்ரூத் போனது.

மைக் இல்லை. நாங்கள் போயிருக்கலாம். அபூ ஸுஹைர் நாற்காலியை மேடையின் விளிம்புக்கு இழுத்தார். ஜனங்கள் முள்கம்பி வரைக்கும் வந்து நின்றார்கள், அந்த முனையில் அவர்கள், இந்த முனையில் இவர்கள். வீடுகளில் தொலைக்காட்சியை அணைத்தார்கள். அவர் பாடினார். நடுவில் அவர் பாடிய ஒரு வரி எந்தப் பழைய பாட்டிலும் இல்லாதது. எங்கள் தனிப்பாடலில் பாடகன் தன் சொந்தச் சொல்லைப் போடலாம்.

"எதிர்க்கடை எரிந்தது, நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். தண்ணீர்க் குடம் என் கையருகே இருந்தது."

நதீரின் விரல் கம்பியிலேயே நின்றுவிட்டது. வரி முடிந்ததும் ஊது பதில் சொல்லவேண்டும், சொல்லவில்லை. அந்த இடத்தை நிரப்ப எனக்குக் கை வரவில்லை. மேலே யாரோ, ஒன்றும் புரியாமல், குரலின் அழகுக்காக, "திரும்பப் பாடுங்க!" என்று கூவினார்கள்.

நதீர் தலை நிமிர்ந்தான். "ஆமா. திரும்பப் பாடு" என்றான். அவன் பாராட்டவில்லை. அவரை 'நீ' என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

அபூ ஸுஹைர் திரும்பப் பாடினார். குரல் தேய்ந்தது.

"இன்னொரு தடவ."

பாடினார். இந்த முறை சுரம் விலகியது. அவர் சரிசெய்யவில்லை. இரண்டு முனையிலும் ஜனங்களுக்குப் புரிந்துவிட்டது. ஒருவரும் 'ஆஹா' சொல்லவில்லை. பள்ளத்து முனையில் தாடி வைத்த ஒருவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனான்.

நீண்ட நேரம் கழித்து நதீர் ஊதின் அடிக் கம்பியைத் தொட்டான். பிறகு பதில் வாசித்தான். அழகான பதில் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முழுப் பதில். மாலைத் தொழுகைக்கு அழைப்பு வந்ததும் நிறுத்தினோம்.

மேடையை விட்டு இறங்கும்போது அபூ ஸுஹைர், "வா, ஒரு காப்பி குடிப்போம்" என்றார்.

"உங்க தெருவுலயா?" என்றான் நதீர். "இல்ல. எனக்கு இன்னும் அந்த நாத்தம் போகல."

"அப்ப துறைமுகத்துப் பக்கம்?"

நதீர் ஊதைப் பையில் வைத்து மூடினான். "அங்கன்னா வரேன்" என்றான்.

மூவரும் என் காரில் போனோம். துறைமுகக் கடையில் கிடைத்த காப்பி ஆறிப்போயிருந்தது, குடித்தோம்.