வடைத்தாளில் ஒரு விமானம்

கருத்தக்கண்ணனுக்கு வடையைவிட அதை வைத்துத் தரும் தாள்தான் முக்கியம். நாற்பத்தாறு வயதில் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டப் பழகியவர். இங்கிலீஷ் எழுத்துகளை லாரிகளின் நம்பர் பிளேட்டில் பிடித்துக்கொண்டார். அன்று காலையும் எண்ணெயைத் துடைத்துவிட்டுத் தாளை வெயிலில் விரித்துப் பிடித்தார்.

“வடை ஆறிப்போகுது. தாளத் திங்கவா வந்தீக?” என்றாள் கடைக்காரி பூமாரி.

தாளின் தலைப்பில் ஐந்து இங்கிலீஷ் எழுத்து. கம்பம் பைபாஸில் அவர் வேலை பார்க்கும் ஜலீல் ராவுத்தரின் பழைய இரும்புக் கிட்டங்கியில், இறக்கை கழற்றிக் கிடத்தியிருந்த விமானத்தின் வாலருகே அதே ஐந்தும், லாரிக்கு நம்பர் மாதிரி, பெயிண்டில் இருந்தன. இரண்டு எஞ்சினிலும் காத்தாடி வைத்த, முப்பது வருசம் ஆட்களைச் சுமந்த விமானம். தேவாரம் பக்கத்துப் பாலிடெக்னிக் ஒன்று, பிள்ளைகள் படிப்புக்காக அதை முழுசாகக் கேட்டது. கூடவே காவலுக்குக் கருத்தக்கண்ணனையும். மூட்டை தூக்கித் தேய்ந்த முதுகுக்கு ஸ்டூல் போட்டு உட்காரும் வேலை. ஆனால் எப்போது எதை மாற்றினார்கள், எங்கே பழுது பார்த்தார்கள் என்று எழுதிய சர்வீஸ் புத்தகங்கள் இல்லாமல் வேண்டாம் என்றுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அறுப்பதாக முடிவாகி, வெட்டவேண்டிய இடத்தில் கருத்தக்கண்ணனே சாக்பீஸ் கோடும் போட்டுவிட்டார். இன்றைக்கு வெள்ளி.

வந்த சரக்கை உடனே பிரிப்பது கிட்டங்கி வழக்கம். இரும்பு இரும்போடு, தாள் தாளோடு. அந்தப் பழக்கத்தில், விமானத்துக்குள் கிடந்த மூன்று தடிப் புத்தகங்களை, பூமாரி கடைக்கு எடைக்குப் போகும் பழைய பேப்பர் சாக்கில் போட்டது தன் கைதான் என்பது இப்போதுதான் உறைத்தது.

“ஆத்தா, இதோட மிச்சம் எங்கன?”

பூமாரி அடுப்புக்குப் பின்னாலிருந்து எடுத்துப் போட்டாள். இரண்டு முழுசாக, மூன்றாவது பாதி. “மிச்சத்துல ஊரே வடை தின்னுட்டுப் போயிருச்சு.”

அவர் குப்பைக் கூடையைக் கவிழ்த்து, கசங்கிய தாள்களை ஒவ்வொன்றாக நீவி எடுத்தார்.

ஜலீல் போன் போட்டதும் பாலிடெக்னிக் டீச்சர் ஷர்மின் கிட்டங்கிக்கு வந்துவிட்டாள். லாரி டயரில் உட்கார்ந்து படித்தாள். “அறுபத்தெட்டுல மொதமொதப் பறந்திருக்கு. நாலு தடவ எஞ்சின் மாத்தியிருக்காக. ஒரு வெள்ளத்துல சோத்துப் பொட்டலம் போட்டிருக்கு. எண்பத்தொண்ணுல எறங்கும்போது எடது சக்கரத்துக் கால் வளஞ்சு, ரெண்டு மாசம் படுத்துக் கெடந்துட்டு மறுபடி பறந்திருக்கு.”

கருத்தக்கண்ணன் முதுகைத் தடவிக்கொண்டார். “நான் ஒரு மாசந்தேன் படுத்தேன்.”

பிறகு ஜலீலைப் பார்க்காமல் சொன்னார்: “சாக்குல போட்டது நாந்தேன் மாமா.”

“தெரியும் மாப்ள. வேற எவன் இங்கன இம்புட்டுச் சுத்தமாப் பிரிப்பான்?”

“ஒம்பது தாள் கொறயுதுண்ணே,” என்றாள் ஷர்மின். “பிரின்சிபால்ட்ட பேசிப் பாக்குறேன். எண்ண வாடையோட வர்ற புத்தகத்த அவுக பாத்திருக்க மாட்டாக.”

அவள் போனதும் ஜலீல் அறுப்புக்கு வைத்திருந்த கேஸ் சிலிண்டரை இறுக மூடிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பினார். “திங்கக்கெழம வரைக்கும் கெடக்கட்டும்.”

கருத்தக்கண்ணன் துண்டை நனைத்துச் சாக்பீஸ் கோட்டைத் துடைக்க ஆரம்பித்தார். மேலே ஒரு முழம் எட்டவில்லை. டிரம்மை உருட்டிவந்து ஏறினார். துடைத்த இடத்தில் ஈரம் மின்னியது. அதில் மலையும் கொஞ்சம் வானமும் தெரிந்தன.