ஓசை பொய்த்த ஓடு

கார்த்திகைத் திங்களின் வெண்பனி மூட்டம் ஆரே ஆற்றினின்று எழுந்து, ஆராவ் நகரின் ஓவியம் தீட்டிய இறவாரங்களையும் மணிக்கோபுரத்தையும் ஒருசேர மறைத்து, பத்து மணியாகியும் பகலவனுக்கு வழிவிடாமல் கிடந்தது. தொடர்வண்டி நிலையத்தின் பின்தெருவில், மூன்றாம் மாடி அடுக்களையொன்றில், சரணியா என்னும் முப்பத்தாறு அகவைப் பெண் வெற்றுத்தாளின் முன் எழுதுகோலும் கையுமாக அமர்ந்திருந்தாள். படிப்பவரே, வெளியே நின்ற மூட்டம் அவள் தலைக்குள்ளும் நின்றது என்றால் அது மிகையாகாது.

அவள் தந்தை கசிமியெஷ், போலந்து நாட்டினின்று நாற்பதாண்டுகளுக்கு முன் இங்கு அடைக்கலம் தேடி வந்து, சுவரிலும் தரையிலும் ஓடு பதிக்கும் தொழிலில் பெயரெடுத்து, யாழ்ப்பாணத்துத் தில்லைநாயகியை மணந்து, தமிழர் நாவில் காசி அண்ணையாகி, சென்ற திங்கள் மறைந்தவர். யாழ்ப்பாணத்தார் இறந்தோரின் வாழ்வை எழுதி அச்சிட்டு முப்பத்தோராம் நாளில் வந்தோருக்கெல்லாம் வழங்கும் சிறுநூலுக்குக் கல்வெட்டு என்று பெயர். போலந்துக்காரருக்குக் கல்வெட்டா என்று உறவினர் சிலர் முகம் சுளித்தபோது, "என்னோட முப்பத்தேழு வருசம் இருந்த மனிசன், அவருக்கு இல்லாமல் ஆருக்கு?" என்று ஒரே கேள்வியில் அவர்கள் வாயை அடைத்துவிட்டாள் தில்லைநாயகி. எழுதும் பொறுப்பு மகள் தலையில் விழுந்தது. மாலைக்குள் அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

முதல் வரியே அவளை முடக்கிப் போட்டது. "இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட" என்றுதான் கல்வெட்டுகள் தொடங்கும். கடவுச்சீட்டு ஒரு பெருநகரத்தைக் காட்டியது. மனைவியிடமோ, ஆப்பிள் தோட்டங்கள் சூழ்ந்த ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றைத் தம் பிறந்த ஊர் என்று அவர் சொல்லியிருந்தார்; அதன் பெயரைச் சொன்னதில்லை. முப்பதாண்டுகள் உடன் உழைத்த சிவானந்தராசாவிடம், தம் ஊர் இப்போது வேறொரு நாட்டுக்குள் போய்விட்டது என்றாராம். மூன்றில் எது மெய்? தன்னைத் தோளில் சுமந்த மனிதரைத் தனக்குத் தெரியவே தெரியாதோ என்று அவள் கலங்கினாள். அழுகை வந்தது, கூடவே சினமும் வந்தது.

தந்தையின் நாற்காலியில், அவரைப் போலவே சுவரில் முதுகு சாய்த்திருந்தவள், பின்னால் கைநீட்டி, அவரைப் போலவே விரல்முட்டியால் ஓடுகளைத் தட்டினாள். பதித்த ஓடு ஒவ்வொன்றையும் அவ்வாறு தட்டிக் காதுகொடுத்துக் கேட்பது அவர் வழக்கம். அடியில் பசை நிறைந்திருந்தால் ஓசை திண்ணென்று வரும். வெற்றிடம் இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். ஊஸ்டர் நகரில் ஒரு வீட்டில் ஓர் ஓட்டின் ஓசை பொய்த்ததற்காகக் குளியலறைச் சுவர் முழுவதையும் பெயர்த்துப் புதிதாய்ப் பதித்த மனிதர் அவர். அத்தகையவரின் முதுகுக்குப் பின்னால், அவர் வீட்டுச் சுவரிலேயே, நான்காவது ஓடு வெறுங்குடம்போல் ஒலித்தது. சரணியா மறுபடியும் தட்டினாள். மறுபடியும் அதே ஒலி. கைத்தொழிலைப் பற்றியாவது ஐயமின்றி எழுதலாம் என்றிருந்தவளுக்கு, அந்தப் பிடியும் நழுவியது.

முப்பத்தோராம் நாள் மண்டபத்தைப் பற்றிக் கதைக்க வந்த சிவானந்தராசா அந்த ஒலியைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அது அவர் பதிச்சதில்லைப் பிள்ளை, நான் பதிச்சது," என்றார். "இந்தச் சுவர் பதிச்ச அண்டைக்குக் காலமைதான் என்ர தம்பி செத்த செய்தி ஊரிலயிருந்து வந்தது. வீட்டில தனிய இருக்கேலாமல் வேலைக்கு வந்திட்டன். பசை சரியாப் பூசுப்படேல்லை."

"அப்பா தட்டிப் பாக்கேல்லையோ?"

"பாத்தவர். கழட்டுவம் எண்டு நான் சொன்னன். இருக்கட்டும் எண்டிட்டு, அந்த ஓட்டுக்கு முன்னால கதிரையை இழுத்துப் போட்டு இருந்தவர். பிறகு ஒருநாளும் அந்தக் கதிரையை மாத்தேல்லை."

இருபத்தேழு ஆண்டுகள். விருந்தினர் வந்தாலும் அவ்விருக்கையை விட்டுக்கொடாத தந்தையைப் பிடிவாதக்காரர் என்று தானும் தாயும் எத்தனை முறை நகையாடியிருக்கிறோம் என்று நினைத்துச் சரணியா நாணினாள். சிவானந்தராசா கண்களைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கே வந்து அதைப் பெயர்த்துச் சரியாகப் பதித்துத் தருவதாகச் சொன்னார்.

"வேண்டாம் மாமா," என்றாள் அவள். "இருக்கட்டும்."

பின்னர் தாளை இழுத்து, முதல் வரியில் ஊர்ப்பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விட்டு, ஆராவை வதிவிடமாகவும் கொண்ட என்று தொடர்ந்தாள். அந்த ஓட்டின் கதையையும் ஒன்று விடாமல் எழுதினாள். மாலையில் அச்சகத்தார் அழைத்து, பிறந்த ஊர் விடுபட்டுப் போயிற்றே என்றபோது, தெரிந்துதான் விட்டது என்றாள். தந்தை ஏன் மூன்று ஊர் சொன்னார் என்பது அவளுக்கு அன்றும் விளங்கவில்லை. இனி விளங்கப் போவதுமில்லை. முழுவதும் அறிந்தவரைப் பற்றி மட்டுமே எழுதலாம் என்றிருந்தால், படிப்பவரே, இவ்வுலகில் எந்தப் பிள்ளையாலும் எந்தத் தந்தைக்கும் கல்வெட்டு எழுதியிருக்க முடியாது.