கீறல் படாத கார்

தோமோனாரி கார் வாங்கிய அழகை நான்தான் சொல்ல வேண்டும். ட்ரிஃப்ட் போட்டியில் அவன் ஓட்டுநர், நான் மெக்கானிக். ஆறு வருடமாக இருவரும் கீழ்ப் பிரிவிலேயே உழல்கிறோம். ஃபுகுஷிமா மலைத்தடத்தில் நடக்கும் இந்த வருடக் கடைசிப் போட்டியில் ஜெயித்தால்தான் மேல் பிரிவு. அந்த நேரம் பார்த்து, அடிபட்டுப் பழகிய நாலு கதவு வண்டியை எங்கள் பிரிவிலேயே ஓட்டும் மிகாமி என்ற பெண்ணிடம் தள்ளிவிட்டு, முத்து வெள்ளையில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரோடு வந்து நின்றான்.

"ஏண்டா, இது ஓட்டுறதுக்கா, கும்பிடுறதுக்கா?"

"உனக்கு ரசனை இல்ல குனிஹிரோ. தள்ளி நில்லு, மூச்சு படுது."

பக்கத்தில் நின்று ஒனிகிரி சோற்றுருண்டை தின்றால்கூடச் சோறு ஒட்டிவிடும் என்று விரட்டினான்.

ட்ரிஃப்ட்டில் முந்துவது பெரிதல்ல. இரண்டு கார்கள் சேர்ந்து பக்கவாட்டில் சறுக்க வேண்டும். பின்னால் வருகிறவர் முன்காரின் கதவோடு ஒட்டிக்கொண்டே வந்தால்தான் மதிப்பெண். உரசும், இடிக்கும், பம்பர் பிய்யும். இந்த வேலைக்குத்தான் நம்ம துரை மணப்பெண் மாதிரி ஒரு காரை அழைத்துவந்திருந்தார்.

அரையிறுதியில் எதிரே மிகாமி. முதல் ஓட்டத்தில் இவன் முன்னால். அவள் அந்த நாலு கதவு வண்டியை இவன் கதவருகே ஒரு முழத்தில் கொண்டுவந்து நிறுத்தாத குறை. ரேடியோவில் இவன் அலறல்.

"கிட்ட வர்றாடா! ஐயோ, பெயின்ட்டு!"

அடுத்து இவன் பின்னால்.

"இப்ப ஒட்டுடா! ஒட்டுனாதான் மேல போவோம்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

நடுவில் ஒரு பேருந்தை நிறுத்தலாம் போல இடம் விட்டுச் சறுக்கினான். மிகாமியோ சுவரை உரசி, பம்பரைப் பிய்த்துக்கொண்டு சீறிப் போனாள். நடுவர்கள் யோசிக்கக்கூட இல்லை, கையை அவள் பக்கம் நீட்டிவிட்டார்கள்.

தோமோனாரி இறங்கினான். துணியோடு காரைச் சுற்றிவந்தான்.

"பாருடா, ஒரு கீறல் இல்ல!"

முகமெல்லாம் சிரிப்பு. ஆறு வருடம்!

மிகாமி ஓடிவந்தாள். "அண்ணே, பம்பர் தொங்குது. எனக்கு இன்னும் ஃபைனல் இருக்கு. ஒரு கை குடுப்பீங்களா?"

கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"எங்கடா போற?" என்றான் தோமோனாரி.

"மேல் பிரிவுக்கு."