கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டர்

இந்தக் காலத்து ஆட்களுக்கு சுவிட்சைப் போடத் தெரிகிறது, அணைக்கத் தெரியவில்லை. ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றும், டிவி தன்பாட்டுக்குக் கத்தும். கேட்டால் "இருக்கட்டும்ப்பா" என்பார்கள். செல்லதுரைக்குப் பற்றிக்கொண்டு வரும். மூன்றாம் வகுப்போடு நின்றவர்; கரண்ட்டையும் ஆபீசர்களையும் ஒரே அளவுக்குத்தான் நம்புவார். மோட்டாருக்கான த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும், கொல்லை வயலில் போர் மோட்டாரைப் போடுமுன் வீட்டு மெயினை அணைத்துவிடுவார். மோட்டார் கிளம்பும்போது வோல்டேஜ் விழுந்து ஒரு ஃபிரிட்ஜ் புகைந்தது அவர் வீட்டில்தான். நாற்றங்காலில் தண்ணீர் ஏறிய பிறகுதான் திரும்பி வந்து மெயினைப் போடுவார்.

மகள் செம்மொழி மூன்று மாதமாக வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி வேலையைப் பார்க்கிறாள். அவர் மனைவி ரெங்கம்மாளுக்கு இடுப்பெலும்பு உடைந்தபோது வந்தவள். அம்மாவைக் குளிப்பாட்டுவதும் வாக்கரோடு நடக்க விடுவதும் அவள்தான். செல்லதுரை கை கொடுத்தால் ரெங்கம்மாள், "மாட்டப் புடிக்கிற மாதிரி புடிக்காதீங்க" என்று கத்துவாள்.

அன்று மதியம் செம்மொழி சாப்பிடாமல் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அழுதியா?"

"இல்லப்பா."

"பொய் சொல்லாத. எவன் என்ன சொன்னான்?"

மேனேஜர் சொல்லியிருந்தான். இன்று ஐந்து மணிக்குள் ஓடவில்லையென்றால் திங்கட்கிழமை சென்னைக்கு வந்து ஆபீசில் உட்கார வேண்டும்.

"என்ன ஓடணும்?"

"இந்த லேப்டாப்புக்குள்ள இன்னொரு லினக்ஸ் கம்ப்யூட்டர் ஓடணும்ப்பா. நெசமா இல்ல, இருக்குற மாதிரி. அதுக்கு வேண்டிய புரோகிராம் எல்லாத்தையும் நெட்டுலேருந்து எறக்கி ஒரே ஃபைல்ல அடுக்கணும். ரூட் ஃபைல் சிஸ்டம் இமேஜ்னு சொல்லுவாங்க."

"இல்லாத கம்ப்யூட்டருக்கு ஒரு மேனேஜர். அவனுக்குக் கோவம் வேற."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கறுப்புத் திரையைக் காட்டினாள். "கண்ணு முழிக்குது. முழிச்சதும் முதல்ல ஓட்ட வேண்டிய புரோகிராமத் தேடுது. அது இல்லன்னதும் அப்படியே விழுந்துடுது. நாலு நாளா இதேதான். என்னென்னமோ மாத்திப் பாத்துட்டேன்."

பேசிக்கொண்டே அந்த ஃபைலைத் திறந்து உள்ளே பார்த்தவள், நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பாதி புரோகிராம் வரவே இல்லியே! நடுவுல நெட் போயிருக்கு. நேத்து பதினொன்னு பத்து. முந்தாநாள் பதினொன்னு அஞ்சு... நான் இத ஓட விட்டுட்டு அம்மாவக் குளிப்பாட்டப் போற நேரம். அது என்ன, தெனம் பதினோரு மணிக்கு?"

செல்லதுரை சுவரைப் பார்த்தார். அங்கே நெட் தரும் மோடத்தில் பச்சை விளக்கு மினுக்கியது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் இன்றும் பாதியில் நின்றால் திங்கட்கிழமை பஸ் ஏறிவிடுவாள். உள்ளே ரெங்கம்மாள் இருமினாள்.

"நாந்தான்."

"என்னப்பா?"

"மோட்டார் போடயில மெயின நாந்தான் அணைக்கிறேன்."

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதாப்பா?"

"நீ சொன்னியா, அந்தப் பொட்டி அணைஞ்சா உன் பொழப்பு போயிடும்னு?"

"எம்மேலயும் தப்புதான். நெட் போனா நின்னு சொல்லுன்னு அதுக்கு எழுதி வச்சிருக்கணும். எழுதல. அது பாட்டுக்குப் பாதியோட மூடி வச்சிருக்கு."

"இப்பப் போட்டா எவ்வளவு நேரம்?"

"ஒன்ற மணி நேரம்."

செல்லதுரை ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு மெயின் சுவிட்சுக்குக் கீழே உட்கார்ந்தார். இரண்டரைக்கு மதிய முறை த்ரீ பேஸ் வந்தது. சுற்றுவட்ட மோட்டார்கள் எல்லாம் உறுமின.

"கரண்டு வந்துடுச்சு, நாத்து வெயில்ல வாடுது. அங்க என்ன காவல்?" என்றாள் ரெங்கம்மாள்.

"சும்மா கெட. சாயங்காலமாப் பாச்சிக்கிறேன்."

விதை விட்ட நாளிலிருந்து ஒரு வேளைத் தண்ணீரும் அவர் தவறவிட்டதில்லை. வாளியை விட்டு எழவும் இல்லை. ஃபிரிட்ஜ் இரண்டு முறை முனகியது. இரண்டு முறையும் கை சுவிட்ச் வரை போய்த் திரும்பியது.

நாலேகாலுக்கு செம்மொழி கூப்பிட்டாள். திரையில் எழுத்துகள் மளமளவென்று ஓடி ஒரு வரியில் நின்றன.

"எந்திரிச்சிடுச்சுப்பா! யாருன்னு பேரு கேக்குது, பாருங்க!"

அவர் லேப்டாப்பைத் தூக்கி அடியில் பார்த்தார். தடவிப் பார்த்தார். "சூடுதான் இருக்கு. வேற ஒண்ணையும் காணோம்."

"உள்ளதான்ப்பா ஓடுது."

"எவனோ உங்களையெல்லாம் நல்லா ஏமாத்துறான்." லேப்டாப்பை மெதுவாக வைத்தார். "அப்ப திங்கக்கெழம?"

"போகல. இங்கேயே இருந்து வேலையப் பாருன்னு மேனேஜர் மெசேஜ் வந்துடுச்சு."

மூடி வைத்திருந்த சோற்றுத் தட்டை அவள் பக்கம் நகர்த்திவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இல்லாத ஒண்ணு எந்திரிச்சி பேரு கேட்டுச்சாம்" என்று முணுமுணுத்தபடி கொல்லைப் பக்கம் நடந்தார்.