தேம்வாவுக்கு ஏழு வயது

என் அக்கா லுசுங்கு, செத்துப்போன மகளைப் பார்த்துவிட்டுத்தான் தினமும் கண் விழித்தாள். ஐந்து வருடமாக இது நடந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. ஏரிக்கரைச் சுகாதார நிலையத்தில் அவளுக்கு எச்.ஐ.வி. மாத்திரை எண்ணிக் கொடுத்தவளே நான்தான். பதிவேட்டில் பக்கவிளைவுக்கு ஒரு கட்டம் உண்டு. மூன்று வருடமாக அதில் 'இல்லை' என்றே எழுதினேன். அவளைக் கேட்டு எழுதியதில்லை. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி இந்த வெசிதான். கை தானாக எழுதியது.

போன மாதம் புது மாத்திரை வந்தது. பழையது போட்டால் கனவாகக் கொட்டும், இதில் அந்தத் தொல்லை இல்லை. பெஞ்சில் காத்திருந்த பெண்களுக்கு ஒரே கொண்டாட்டம். அக்கா புருஷன் லாமெக்குக்கும் அதே மாத்திரைதான். முன்பெல்லாம் கனவில் படகு கவிழ்ந்து கத்துவான். "இப்ப அந்தாளு கருவாட்டு மூட்டை மாதிரி கெடக்கான், உருட்டித்தான் எழுப்பணும்" என்று அக்காவும் சேர்ந்துதான் சிரித்தாள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை அவள் ஏழு மாத வயிற்றோடு வந்து பாட்டிலை நீட்டினாள். எண்ணினேன். முப்பது கொடுத்தேன், முப்பதும் இருந்தது.

"என்னக்கா பண்ணித் தொலைச்ச?"

"கத்தாத டிகிரி. பெஞ்சுல இருக்கவளுங்க காதெல்லாம் இங்கதான் இருக்கு."

உள்ளே இழுத்துப் போனேன். இடுப்புத் துணியின் முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். பழைய மாத்திரை, கத்தியால் இரண்டாக நறுக்கியது, மூன்று துண்டு மிச்சம். திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லி லாமெக் தந்த தன் பழைய பாட்டிலை ஒளித்து வைத்து, ஒரு மாதமாக நாளுக்கு அரை விழுங்கியிருக்கிறாள். அரை மாத்திரை கிருமியை அடக்காது. அதற்கு மருந்தைப் பழக்கிவிடும். வயிற்றில் இருப்பதற்குத் தொற்றிக்கொள்ள அது போதும்.

"ஏன்?"

"தேம்வா வர்றா."

தேம்வா வயிற்றில் இருந்தபோது பரிசோதனை கிட் தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வா என்றார்கள். அடுத்த வாரம் நர்ஸ் பயிற்சிக்குப் போயிருந்தாள். அப்புறம் யாரும் கேட்கவில்லை. இரண்டு வயதில் குழந்தை போன பிறகுதான் அக்காவுக்கே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இதற்காக யாருக்கும் வேலை போகவில்லை.

"மொதல்ல ரெண்டு வயசாவே வந்தா" என்றாள் அக்கா. "அப்புறம் வளர ஆரம்பிச்சுட்டா வெசி. இப்ப ஏழு. முன்பல்லு விழுந்து மொளைக்குது. ஏரி மேல நடந்து வருவா. தண்ணி அவ காலுக்குப் பாய் மாதிரி விரிஞ்சு குடுக்கும். காயப்போட்ட உசிப்பா மீனெல்லாம் பரண்லேர்ந்து எழுந்து அவ பின்னால வெள்ளி வெள்ளியாப் பறக்கும். சத்தமே இருக்காது. அவ பேசினா மட்டும் கேக்கும்."

"என்ன பேசுவா?"

"பசிக்குதும்பா. செருப்பக் காணோம்பா. புள்ளைங்க என்ன பேசும்?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒரு புள்ளைய கிட் இல்லாம சாகடிச்சாங்க. இன்னொண்ண நீயே..."

"அடுத்த வார்த்தைய வாயிலயே வெச்சுக்க."

வைத்துக்கொண்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "மாத்திரைய மாத்திட்டா அவ எங்க போவா? வழி தெரியாம நிப்பாளே" என்றாள்.

மருத்துவ அலுவலர் நிரெண்டாவிடம் போய்ப் பழையதையே முழுசாகக் கொடுக்கலாமே என்று கேட்டேன். "வெள்ளிக்கிழமை பழைய பெட்டி எல்லாம் திரும்பப் போகுது. கனவு காணறதுக்கு மாத்திரை குடுன்னு சுற்றறிக்கை ஏதும் வரலியே, பட்டதாரியம்மா" என்று சிரித்தார். அந்தப் பெட்டிகளை அவர் பேனாவால் இரண்டு தட்டுத் தட்டினார். அக்காவின் மகளும் அவற்றுக்குள்தான் இருந்தாள் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது?

திரும்பி வந்து அக்காவுக்கு ரத்தம் எடுத்தேன். கிருமி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிய மூன்று வாரமாகும். நறுக்கிய துண்டுகளைப் பிடுங்கிக்கொண்டேன். பிறகு பழைய பெட்டியிலிருந்து ஒரே ஒரு முழு மாத்திரையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"இன்னிக்கு இது. சொல்லவேண்டியதச் சொல்லிட்டு வா. நாளைக்குக் காலையில என் முன்னாடி புதுசு."

அவள் கையை மூடிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

மறுநாள் நான் ஜன்னல்களைத் திறக்கும்போதே பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஏரியிலிருந்து பனிமூட்டம் வாசல் வரை ஏறி வந்திருந்தது. கரை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அவள் இன்னும் முழுசாக விழிக்காதவள் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்தாளா?"

"ம்."

"சொன்னியா?"

"எப்படிச் சொல்றது? வந்ததுமே தல பின்னி விடுன்னு மடியில உக்காந்துட்டா. முடி எவ்வளவு வளந்திருக்கு தெரியுமா? ஒரு பக்கம்தான் முடிச்சேன். அதுக்குள்ள லாமெக் கரையில படகு மோட்டாரக் கிளப்பிட்டான்."

அவள் விரல்கள் மடியில் இன்னும் எதையோ பிரித்துப் பிரித்துக் கோத்துக்கொண்டிருந்தன.

"இன்னொரு பக்கம் விரிஞ்சே கெடக்கு, வெசி."

பழைய பெட்டிகள் இருந்த அலமாரியின் சாவி என் பையில் இருந்தது. வெள்ளிக்கிழமை வர இன்னும் இரண்டு நாள். அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் திறந்திருப்பேன். கேட்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், புது மாத்திரையை வாங்கி நாக்கில் வைத்தாள், என் குவளைத் தண்ணீரை முழுசும் குடித்தாள். வாயைத் திறந்து காட்டினாள்.

"போயிடுச்சு. பாத்துக்க."

"பாத்துட்டேன்."

"நாளைக்கும் இங்க வந்தே போடட்டுமா? வீட்டுல இருந்தா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல."

"வா."

பிரசவம் வரை தினமும் வந்தாள்.