வத்தலக்குண்டு ரோட்டில் காயாத கம்பளம்

1957ஆம் வருடம் பங்குனியில், திண்டுக்கல் வத்தலக்குண்டு ரோட்டில் சனாவுல்லாவின் சலவைக் கொட்டகையில் கிடந்த ஒரு கம்பளத்துக்கு வியர்க்க ஆரம்பித்தது. ஐந்து வருடம் விடவில்லை. அது பஞ்ச காலம். மிளகாய் வற்றல் விலை ஏறியிருந்தது, மலைக்கோட்டைக் குரங்குகள் தண்ணீருக்காகத் தெருவுக்குள் இறங்கிவிட்டிருந்தன, ஆகவே ஒரு கம்பளம் வியர்ப்பதை ஊர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேசிய சிலரும் அது ஒரு நாளைக்கு எத்தனை குடம் தரும் என்றுதான் விசாரித்தார்கள்.

சனாவுல்லாவின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தோல் ஷாப்பில் தோல் பதனிட்டு வந்தது. கல்யாணமாகி வந்த அன்று அவருடைய பெண்சாதி அஜீஸுன்னிசா அவரை மூன்று முறை குளித்துவிட்டு வரச் சொன்னாள். நான்காவது முறை சொல்வதற்குள் அவர் அந்த வேலையையே விட்டுவிட்டார். மதராஸில் மூடப்போன ஒரு ஓட்டலின் ஏலத்தில் மின்சாரத்தில் சுற்றும் ஒரு இயந்திரத்தை எடுத்து ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தார். அடியில் வட்டத் தூரிகை, நடுவில் தண்ணீர் பீய்ச்சும் துவாரம், ஓரத்தில் அழுக்குத் தண்ணீரை இழுத்துத் தொட்டியில் தள்ளும் உறிஞ்சு குழாய். கைப்பிடியைச் சற்றே தூக்கினால் வலப்பக்கம் ஓடும், தாழ்த்தினால் இடப்பக்கம் ஓடும், இது தெரியாமல் பிடித்தவனைக் கொட்டகை முழுக்க இழுத்துக்கொண்டு திரியும். வேடிக்கை பார்க்க வந்து இழுபட்ட பெரிய மனிதர்களின் பெயரை இங்கே சொல்வது மரியாதையாக இருக்காது. கல்யாண வீட்டு ஜமக்காளமும் பழனி லாட்ஜுகளின் விரிப்பும் வந்தன. மலை பங்களாக்களின் கம்பளங்கள்தான் அடுப்பை எரிய வைத்தன.

அப்படி வந்ததுதான் கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்டத் துரைமார் கட்டி வைத்துவிட்டுப் போன கிளப்பின் பெரிய சிவப்புக் கம்பளம். எத்தனை தரம் சோப்புத் தண்ணீர் விட்டு இயந்திரத்தை ஓட்டினாலும் அதில் நாய் வாடை போகவில்லை. சனாவுல்லா தொழிலை விட்டாரே தவிர, தொழில் அவருடைய கையை விட்டிருக்கவில்லை. வீச்சமடிக்கிற எதற்கும் அவர் குடும்பத்துக்கு ஒரே மருந்துதான் தெரியும். ஆவாரம்பட்டையைக் காய்ச்சி, தோலைப் பதம் போடுவது போல அந்தச் சாற்றை இயந்திரத்தில் ஊற்றி ஓட்டினார். நாய் வாடை போயிற்று. மறுநாள் காலை கம்பளம் முழுக்க முத்து முத்தாக நீர் அரும்பியிருந்தது. உறிஞ்சி எடுத்தார், தொட்டி நிரம்பியது. மறுபடி எடுத்தார், மறுபடி நிரம்பியது. ஊற்றாத தண்ணீர் தெளிந்த தண்ணீராக வந்துகொண்டே இருந்தது.

கொட்டகைக்குப் பின்புறம் ஒச்சம்மாளின் மல்லிகைத் தோட்டம். அவள் புருஷன் சோலைமலை வறண்ட கிணற்றை இன்னும் ஆழமாக வெட்டிக்கொண்டே இருந்தார், சாப்பாட்டைக் கயிற்றில்தான் இறக்க வேண்டியிருந்தது. வைகாசிக்குள் செடி பட்டுப்போனால் நிலத்தைப் பக்கத்துத் தோல் ஷாப்புக்காரருக்குக் கிரயம் பண்ணித் தருவதாக ஒச்சம்மாள் வாக்குக் கொடுத்துவிட்டாள். அதுவரை சனாவுல்லாவின் சோப்புத் தண்ணீர் வரப்பைத் தாண்டக் கூடாது என்று நாள்தோறும் சண்டை பிடித்தவள், அன்று வரப்பைத் தாண்டி வந்த தண்ணீரை அள்ளி மோந்து பார்த்தாள், ஒரு வாய் குடித்தும் பார்த்தாள். பிறகு மண்வெட்டியால் வரப்பை வெட்டிவிட்டாள். ஒரே வாரத்தில் செடிகள் துளிர்த்தன. சனாவுல்லா வெளியூர் போன நாட்களில் அவளே சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இயந்திரத்தைப் பிடித்தாள். அது அவளை இழுக்கவில்லை, இழுக்கப் பார்த்ததற்கு அவள் விட்ட ஒரு அதட்டலோடு சரி.

ஆனால் கிளப்பில் வைகாசி விருந்து இருந்தது. அதற்குள் கம்பளம் மலையேறாவிட்டால் பங்களாக்கள் எல்லாம் கை விட்டுவிடும், சனாவுல்லா தோல் ஷாப்புக்குத் திரும்ப வேண்டியதுதான். அவர் தோல் ஷாப்பின் பழைய மேஸ்திரி மீரானைக் கூட்டி வந்து காட்டினார். மீரான் கம்பளத்தைத் தடவிப் பார்த்து, மடித்துப் பார்த்து, சிரித்தார்.

"பட்டைச் சாறு ஊத்துனீல்ல? இது தன்னையத் தோலுன்னு நெனச்சுக்கிருச்சு. தோலுன்னா வேர்க்கத்தாம்லே செய்யும். பூந்திக்கொட்டையக் கரச்சு ஊத்தி மிஷின ஓட்டு, சாறு போயிரும், காஞ்சுரும்."

சனாவுல்லா பூந்திக்கொட்டை வாங்கி வந்து அண்டாவில் ஊறப்போட்டார். ஊறியது. கரைத்து வைத்தார். நுரைத்தது. அதை எடுத்து ஊற்றத்தான் அவருக்குக் கை வரவில்லை. கம்பளம் காய்ந்தால் தோட்டம் காயும், தோட்டம் பிழைத்தால் தன் பிழைப்பு போகும். இரண்டு நாள் அண்டாவையும் மல்லிகையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ஒச்சம்மாள் அந்த வருடத்தின் முதல் பூவை வாழை இலையில் கட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். மீரான் சொன்னது அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

"பாயி, ஒங்க பொழப்பக் கெடுத்துட்டு எனக்கு என்னத்துக்கு மல்லி? காய வச்சு அனுப்பிருங்க. எங்க தலையெழுத்த நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லி, பூவை அஜீஸுன்னிசா கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அஜீஸுன்னிசா செத்த நேரம் பூவை முகர்ந்துகொண்டு நின்றாள். பிறகு அண்டாவை உள்ளே தூக்கிக்கொண்டு போய், கரைத்து வைத்த பூந்திக்கொட்டை முழுவதையும் தலைக்குத் தேய்த்துக் குளித்துவிட்டு, ஈரக் கூந்தலில் அந்தப் பூவை வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். சனாவுல்லாவுக்கு முதலில் பகீரென்றது, அப்புறம் அப்படி ஒரு நிம்மதி.

"கிளப்புல கேட்டா என்ன சொல்றது?" என்றார்.

"இன்னும் காயலன்னு சொல்லுங்க. பொய்யா அது?"

கேட்கத்தான் செய்தார்கள். கிளப்பின் மேனேஜர் கஸ்பார் ஜீப்பில் இறங்கி, போலீசில் சொல்லிவிடுவேன் என்று சத்தம் போட்டுக்கொண்டே உள்ளே வந்து, கம்பளத்தின் மேல் கால் வைத்தார். பூட்ஸ் நனைந்தது. பூட்ஸைக் கழற்றினார். வெடித்துக் கிடந்த அவருடைய பாதங்களில் குளிர்ச்சி ஏறியது. அப்படியே நின்றபடி, சன்னல் வழியே பூத்துக் கிடந்த தோட்டத்தைப் பார்த்தார். அஜீஸுன்னிசா தேநீர் கொண்டுவந்து வைத்து, நடந்தது அத்தனையும் ஒளிக்காமல் சொன்னாள்.

"மலையில அதுக்கு என்ன வேலை? நாய்தான் படுக்குது" என்றார் கஸ்பார் கடைசியில். "ஈரத்தோட எடுத்துட்டுப் போனா பூசணம் புடிச்சிரும். காயட்டும் பாய், காயட்டும்."

விருந்து வெறுந்தரையில் நடந்தது. வருடா வருடம் கமிட்டி கேட்டது, வருடா வருடம் கஸ்பார், இன்னும் காயவில்லை என்று சத்தியமாகச் சொன்னார். முழுக்கக் காயாமல் ஒரு கம்பளத்தைக் கொடுக்கவே மாட்டார் சனாவுல்லா என்று மலையெல்லாம் பேச்சாகி, பங்களாக்காரர்கள் முன்னைவிட அதிகமாக அனுப்பினார்கள். தோல் ஷாப்புக்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

1962 ஐப்பசியில் பெய்த மழையில் ஒச்சம்மாளின் கிணறு விளிம்பு வரை நிறைந்தது. உள்ளே வெட்டிக்கொண்டிருந்த சோலைமலை தண்ணீரோடு தண்ணீராக மிதந்து மேலே வந்து, "எண்ணெ தேச்சுக் குளிச்சு எம்புட்டு நாளாச்சு" என்றார். அன்று சாயந்திரமே கம்பளம் அப்பளமாகக் காய்ந்துவிட்டது. சனாவுல்லா அதைச் சுருட்டிக் கட்டி மலைக்கு அனுப்பினார். கஸ்பார் விரித்துப் போட்டார், புதிய நாய் ஒன்று முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகும், எந்தப் பங்குனியில் ஒச்சம்மாளின் கிணற்றில் அடிப்பாறை தெரிகிறதோ, அன்று மலை மேல் கிளப்பில் நாய் நனைந்துபோய் எழுந்து உதறிக்கொள்ளும். கஸ்பார் கம்பளத்தைச் சுருட்டி வத்தலக்குண்டு வழி வரும் பஸ்ஸின் மேல் ஏற்றிவிடுவார். மலைப்பாதை முழுக்க அது சொட்டிக்கொண்டே வரும், சன்னலோரம் உட்கார்ந்தவர்கள் கையை நீட்டி முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள், கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போடுவார். கொட்டகைக்கு முன்னால் டிரைவர் ஹாரன் அடிப்பார். சனாவுல்லா இயந்திரத்தின் ஒயரை மாட்டுவார். ஒச்சம்மாள், "வந்துருச்சு" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்பை வெட்டிவிடப் போவாள்.