அண்ணன் போட்ட ஒயர்

வேன் இன்ஜினுக்குப் பெட்ரோல் ஊட்டும் பழைய கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் பெட்டி வைத்த இன்ஜெக்‌ஷன் மாட்டினால் எந்தக் குளிரிலும் ஒரே செல்ஃபில் கிளம்பிவிடும் என்று சொன்னவன் அவள் கணவன்தான். லேத் பட்டறையில் வேலை பார்ப்பவன். கிட் ஒன்றை வரவழைத்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே கிடந்து, ரொட்டி வேனில் தானே மாட்டினான். ஓட ஆரம்பித்துவிட்டால் வேன் பறந்தது. கிளப்புவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

வேனை ஓட்டுபவள் அவள். ஏழு மணிக்குள் பதினான்கு கடைகளுக்கு ரொட்டி போய்ச் சேர வேண்டும். செல்ஃப் அடித்து அடித்தே பேட்டரி படுத்துவிடும். அவன் பிளக் மாற்றினான், பேட்டரி மாற்றினான், பெட்ரோல் பம்ப்பையும் மாற்றினான். கடைசியில் பழி அவள் தலையில் விழுந்தது.

"ஆக்ஸிலேட்டரை மிதிக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் உன்னை விட மாட்டேங்குது."

"நான் மிதிக்கவே இல்லீங்க. சாவியைத் திருப்பிப் பிடிச்சிருக்கற வரைக்கும் சும்மா சுத்துது. கையை விட்டதும் ஒரு உதறு உதறுது. அதைக் கொஞ்சம் பாருங்களேன்."

"ஓகோ, நீயே மெக்கானிக் ஆயிட்டியா?"

மூன்றாவது வாரம் பேக்கரி முதலாளி ஆறு கடைகளை வேறொரு வண்டிக்குக் கொடுத்துவிட்டார். அன்றைக்குத்தான் அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள். அண்ணன் வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கிறவன். கணவன் செய்த இரும்புக் கேட்டைப் பார்த்து நாலு பேர் முன்னால் அவன் சிரித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

மறுநாள் காலை அண்ணன் வந்தான். இன்ஜெக்‌ஷனின் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் போகும் ஒயரில் கரண்ட் வருகிறதா என்று காட்டும் டெஸ்ட் லைட்டை வைத்தான்.

"சாவியைப் போடும்மா."

லைட் எரிந்தது.

"இப்ப செல்ஃப் அடி."

லைட் அணைந்தது.

"பாத்தியா? செல்ஃப் அடிக்கறப்ப இந்த ஒயர்ல கரண்டே இல்ல. பெட்டி செத்துக் கிடந்தா பெட்ரோலை யார் அடிக்கறது? நீ கையை விட்டதும் கரண்ட் திரும்புது, அதான் உதறுது. நீ சொன்னது அப்படியே சரி."

சாவி ஸ்விட்சில் செல்ஃப் அடிக்கும்போதும் கரண்ட் நிற்கும் முனைக்கு ஒயரை மாற்றினான். கால் மணி நேர வேலை. தொட்டதும் வேன் கிளம்பியது. கணவன் டம்ளரோடு வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

"ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போண்ணா."

"இன்னொரு நாள் வரேன்," என்று அண்ணன் பையை எடுத்துக்கொண்டான்.

நான்கு நாள் வேன் ஒரு குறையும் சொல்லவில்லை. போன கடைகளைத் திருப்பிக் கேட்கலாம் என்றுகூட நினைத்தாள். ஞாயிறன்று காய்கறி வாங்கி வந்தபோது வேன் திறந்து கிடந்தது. இன்ஜெக்‌ஷன் சாமான்கள் ஒரு சாக்கில் கிடந்தன. பழைய கார்புரேட்டரைக் கணவன் முடுக்கிக்கொண்டிருந்தான்.

"என்ன பண்றீங்க? நல்லாத்தானே ஓடுச்சு?"

"நல்லாத்தான் ஓடுச்சு." அவன் திரும்பவில்லை. "உங்கண்ணன் கை வெச்சு ஓடற வண்டி எனக்கு வேண்டாம்."

பழுது பிடிபடாத எரிச்சலில்தான் திட்டுகிறான் என்று அத்தனை நாள் பொறுத்திருந்தாள். பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றாள்.

திரும்ப மாட்டிய கார்புரேட்டர் ஒத்துவராமல் வேன் காலையில் நேரத்துக்குக் கிளம்பவில்லை; ஒரு மாதத்தில் மீதி எட்டுக் கடைகளும் போயின. இப்போது அதே பேக்கரியில் ரொட்டிக்கு உறை போடுகிறாள். நடந்தே போய் வருகிறாள்.

போன வாரம் அண்ணன் போனில் கேட்டான்: "வண்டி எப்படிம்மா ஓடுது?"

"நல்லா ஓடுதுண்ணா," என்றாள்.